இனிமே நல்ல ரோடுதான்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருக்கத்தான் செய்தது. அது அடையாள அட்டையில் மட்டும் சௌக்கியமாக இருந்தது. ஊருக்கு அவர் நல்லரோட்டார். சுகாதார நிலையத்து வேனை ஓட்டுகிறவர்.

பஸ் நிலையத்திலிருந்து ஊருக்கு ஏறும் வழியைப் பாதை என்று சொன்னால் மற்ற பாதைகள் கோபித்துக்கொள்ளும். வேன் ஒவ்வொரு குழியிலும் விழுந்து எழும்போதும் பின்னால் இருக்கிறவர் "ஐயோ" என்பார். முன்னால் இருக்கிறவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இவ்வளவுதாங்க, இனிமே நல்ல ரோடுதான்" என்பார். அடுத்த குழி வரும். அதற்கும் அதே பதில். ஒருமுறை பிரசவ வலியோடு போன ஒருத்தி பாதி மலையில், "அந்த நல்ல ரோட்டை எங்கடா வச்சிருக்கே, படுபாவி!" என்று கத்தினாள். குழந்தை சுகமாகப் பிறந்தது. பெயர் அதைவிடச் சுகமாக ஒட்டிக்கொண்டது.

அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. "குழியை நானா வெட்டினேன்? ஆறுதலாவது சொல்றேனே" என்பார். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். இவர் பொருத்தமெல்லாம் பார்ப்பதில்லை. முகத்தை நேராக வைத்துக்கொண்டு, கண்ணைப் பார்த்துச் சொல்வார். அவ்வளவுதான் தொழில் ரகசியம்.

அவர் பொய் செல்லாத ஒரே இடம் அவருடைய வீடு. மனைவி, டெய்லரம்மா. ஊரில் பாதிப் பேர் உடம்பில் அவள் தைத்த துணிதான் கிடந்தது. யாருக்கு எத்தனை அங்குலம் தொப்பை என்பது கடவுளுக்கு அடுத்தபடியாக அவளுக்குத் தெரியும். "துணி சுருங்கிடுச்சு" என்று வருகிறவர்களை, "துணி சுருங்கலை, நீங்க விரிஞ்சுட்டீங்க" என்று அனுப்பிவைப்பாள். ஒருநாள் காலையில் மெஷினில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தவள் அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள். பக்கவாதம். வலது கால் இழுத்துக்கொண்டது, வாய் கொஞ்சம் கோணிக்கொண்டது, வலது கை விரல்கள் மடங்கி இறுகி ஒரு முஷ்டியாகிவிட்டன. நாக்குக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

நகரத்து ஆஸ்பத்திரியில், "உயிருக்குப் பயமில்லை. கைக்குத் தினமும் பயிற்சி கொடுக்கணும், அதுக்குன்னு படிச்ச ஆள் வேணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஊரில் அப்படிப் படித்த ஆளுக்கு எங்கே போவது? நல்லரோட்டாரே கொஞ்ச நாள் அவள் விரலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். "கையை இறுக்காம விடும்மா, இனிமே சரியாயிடும்" என்றார்.

"உங்க நல்ல ரோட்டையெல்லாம் வேனோட வச்சுக்குங்க" என்றாள் அவள்.

மெஷின் மேல் ஒரு போர்வை ஏறியது. தினமும் காலையில் அவளுக்குச் சட்டை மாட்டிவிட்டுப் பட்டன் போடுவது அவர் வேலையானது. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த விரல். ஒரு பட்டனாவது ஓட்டை மாறிப் போகும். சட்டை ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி நிற்கும். ஊருக்கே பட்டன் தைத்தவள் அதைக் குனிந்து பார்ப்பாள். அவளே திட்டாமல் விடுகிற இடம் அது ஒன்றுதான். அந்த மௌனம்தான் அவரைத் தின்றது.

இந்த நிலைமையில்தான் வெளிநாட்டிலிருந்து தன்னார்வலர்கள் வர ஆரம்பித்தார்கள். அங்கே ஏதோ ஒரு சங்கம் படித்த இளசுகளைப் பிடித்து, ஆறு மாதம் சேவை செய்து வா என்று இப்படிப்பட்ட ஊர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. முதலில் வந்தவர் சுகாதார நிலையத்தின் பின்னால் இருந்த கக்கூஸைப் பார்த்தார். பெட்டியைத் திறக்கவே இல்லை. அதனால் மூடுகிற வேலை மிச்சம். இரண்டாமவர் நல்ல வாட்டசாட்டம். அவர் வந்த அன்றே சுற்றுவட்டாரம் மொத்தமும் திரண்டுவிட்டது. முதுகுவலி, மூட்டுவலி, தூக்கமின்மை, மருமகள் பேச்சுக் கேட்காதது, எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டினார்கள். ஒருவர் செத்துப்போன தம்பியின் எக்ஸ்ரேயைக் காட்டி, "இப்போ சொல்லுங்க, என்னதான் ஆச்சு அவனுக்கு?" என்று சட்டையைப் பிடித்தார். வாட்டசாட்டம் அந்த வாரமே காய்கறி லாரியில் ஏறி ஓடிப்போனார்.

சங்கம் சொல்லிவிட்டது: இன்னும் ஒரே ஒரு ஆளை அனுப்புகிறோம், அதுவும் நிற்காவிட்டால் உங்கள் ஊர்ப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டோம். வரப்போவது ஒரு பெண், பிசியோதெரபிஸ்ட். முடங்கின கைகாலுக்குப் பயிற்சி கொடுக்கிற படிப்பு. அதைக் கேட்டதும் நல்லரோட்டார் வெளியே போய் வேனைக் கழுவினார். மழைக்காலம் தவிர வேறெதுவும் அந்த வேனைக் கழுவி ஊர் பார்த்ததில்லை.

உடனே கம்பவுண்டர் கூட்டம் போட்டார். சுகாதார நிலையத்தில் டாக்டர் வராத நாளில் கம்பவுண்டர்தான் டாக்டர். டாக்டர் வருகிற நாளிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு காரண காரியம் பேசினார்.

"முதல்ல வந்தவர் கக்கூஸைப் பார்த்து ஓடினார். அடுத்து வந்தவர் நோயாளிங்களைப் பார்த்து ஓடினார். அப்போ நாம என்ன செய்யணும்? ரெண்டையும் கண்ணுல காட்டக்கூடாது. கக்கூஸுக்கு வெள்ளையடிச்சிடலாம். நோயாளிங்க ஒரு வாரத்துக்கு யாரும் வரக்கூடாது. அந்தப் பொண்ணு ஊரோட பழகட்டும், மனசு ஒட்டட்டும். அப்புறமா ஒவ்வொருத்தரா அவிழ்த்துவிடலாம்."

கூட்டம் தலையாட்டியது. குளிக்க வருகிறவன் நனைந்துவிடுவானே என்று குளத்தை வற்றடித்த கதை இது என்பது அத்தனை பேரில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. நல்லரோட்டாருக்கும் உறைக்கவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "ஒரு வாரம் முடிஞ்சதும் முதல் ஆளா எங்க வீட்டுக்காரி போகணும்."

"அதுல என்ன சந்தேகம்? முதல் டோக்கன் அண்ணிக்குத்தான்" என்றார் கம்பவுண்டர்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண் ஒல்லியாக, நெட்டையாக, முதுகில் தன்னைவிடக் கனமான ஒரு பையோடு நின்றாள். வெயிலுக்கு மூக்கு சிவந்திருந்தது. நல்லரோட்டாரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"வணக்கம் ஐயா. என்னை அழைத்துச் செல்வதற்காக வருகை தந்துள்ள ஓட்டுநர் தாங்கள்தானா?"

நல்லரோட்டார் பின்னால் வேறு யாராவது பெரிய மனிதர் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. வருவதற்கு முன்னால் அவள் எங்கேயோ ஆள் வைத்து மொழி கற்றிருக்கிறாள். கற்றுக்கொடுத்த மகராசன் வீட்டில் பேசுவதைக் கற்றுக்கொடுக்காமல் மேடையில் பேசுவதைக் கற்றுக்கொடுத்துவிட்டான். அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் அவளுக்குப் பெயர் பாடப்புத்தகம்.

முதல் குழியில் அவள் தலை கூரையில் இடித்தது.

"இவ்வளவுதான் மேடம். இனிமே நல்ல ரோடுதான்."

"மிக்க மகிழ்ச்சி" என்றாள். இரண்டாவது குழி. "ஐயா, இதுதான் அந்த நல்ல சாலையா?"

"இதுக்கு அடுத்தது."

இன்னும் கொஞ்ச தூரம் போனபின் தலையைத் தடவிக்கொண்டே அவள் சொன்னாள். "தாங்கள் கூறும் நல்ல சாலை எதிர்காலத்தில் உள்ளது என்று கருதுகிறேன்." நல்லரோட்டார் வாய்விட்டுச் சிரித்தார். பிடித்துப்போய்விட்டது அவருக்கு. இந்தப் பெண் இருந்தால் போதும் என்று நினைத்தார்.

"தங்கள் இல்லத்தில் அனைவரும் நலமா?"

"அமோகமா இருக்காங்க மேடம்."

"தங்கள் மனைவியார்?"

அரை நொடி கிளட்ச் தடுமாறியது. "அவங்க அக்கா ஊருக்குப் போயிருக்காங்க." சொல்லிவிட்டு, தன் வீட்டைத் தாண்டிப் போகிற தெருவை விட்டுச் சுற்றுவழியில் வண்டியைத் திருப்பினார்.

அந்த வாரம் அந்த ஊரைப்போல ஆரோக்கியமான ஊர் உலகத்தில் இருந்திருக்காது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறதென்றால் என்ன என்று அங்கே வந்து பார்த்திருக்க வேண்டும். இருமல்காரர்கள் வீட்டுக்குள் தலையணையில் முகத்தைப் புதைத்து இருமினார்கள். வலது தோளைத் தூக்க முடியாத முடிதிருத்துகிறவர், அவள் தன் கடைவாசலைத் தாண்டும்போதெல்லாம் கத்தரியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு சிரித்தார். நாற்காலியில் இருந்தவர் காதைப் பொத்திக்கொண்டார். கூன் விழுந்த பால்காரரை உட்கார்ந்தே பால் ஊற்றச் சொல்லியிருந்தார்கள். செங்கல் சூளைப் பெண்கள் அவள் தலையைக் கண்டதும் இடுப்பிலிருந்த கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றார்கள். அப்படி நிமிர்வதற்கு எத்தனை நரம்பு இழுத்ததோ. அவள் கைகூப்பி, "தாங்கள் நலமா?" என்று கேட்பாள். "நல்லாயிருக்கோம்!" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்போல ஒரே குரலில் பதில் வரும்.

அவளோ தினமும் காலையில் சுகாதார நிலையத்தின் அறையைத் திறப்பாள். மேஜை மேல் விரிப்பு, ரப்பர்ப் பந்துகள், நீளநீளமான ரப்பர்ப் பட்டைகள் எல்லாம் எடுத்து வைப்பாள். உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் எல்லாவற்றையும் திரும்பப் பையில் வைப்பாள். வெள்ளையடித்த கக்கூஸ் மட்டும் பளபளத்தது.

வீட்டில் ஜன்னலைச் சாத்தி டெய்லரம்மாவை உள்ளே உட்கார வைத்திருந்தார் நல்லரோட்டார். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, இப்போ நான் எங்க இருக்கேன்?"

"அக்கா ஊர்ல."

"அங்க சாப்பாடெல்லாம் நல்லா போடுறாளா?"

"கிண்டல் பண்ணாதே. இன்னும் கொஞ்ச நாள்தான். முதல் ஆளு நீதான்."

"காய்ச்சல்காரனுக்குப் பயந்துக்கிட்டு மருந்துக்கடையை மூடிட்டு, நீங்கெல்லாம் புத்திசாலிங்க." அப்புறம் குரலைத் தழைத்துக்கொண்டாள். "இந்தக் கையால மறுபடி ஊசி பிடிக்கணும்னு எனக்குப் பேராசை இல்லைங்க. என் சட்டைக்கு நானே பட்டன் போட்டுக்கணும். அது போதும்."

அவர் பட்டனைப் பார்த்தார். அன்றைக்கும் ஓட்டை மாறித்தான் போயிருந்தது. எழுந்துபோய் வேனைத் துடைத்தார்.

ஒரு வாரம் முழுசாக முடியவில்லை. கம்பவுண்டர் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தார்.

"அண்ணே, மோசம் போயிட்டோம். அந்தப் பொண்ணு போறாளாம். வேற ஊருக்கு மாத்தச் சொல்லிக் கேட்டு, சங்கத்துலயும் சரின்னுட்டாங்களாம். நாளைக்குக் காலைல பஸ்."

"ஏனாம்?"

"இங்க வேலை இல்லையாம்."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது அப்போதுதான் இருவருக்கும் புரிந்தது. நல்லரோட்டார் துண்டை உதறித் தோளில் போட்டார். "வா, போய் உள்ளதைச் சொல்லிடுவோம்."

"என்னத்தைச் சொல்ல? ஊரையே ஒளிச்சு வச்சோம்னா? மேலிடத்துக்குத் தெரிஞ்சா முதல்ல என் வேலை போகும், அப்புறம் உங்க வேன் போகும். பேசாம கொண்டுபோய் பஸ் ஏத்திடுங்கண்ணே. ஒரு வார்த்தை பேசக்கூடாது." பொய் சொல்லாதே என்றால் சிரமப்பட்டிருப்பார் நல்லரோட்டார். உண்மையைச் சொல்லாதே என்றபோது அதைவிடச் சிரமமாக இருந்தது.

மறுநாள் காலையில் அந்தக் கனத்த பையை வேனின் பின்னால் ஏற்றிக் கயிற்றால் கதவைக் கட்டினார். அந்தக் கதவுக்குப் பூட்டு என்று ஒன்று இருந்ததே கிடையாது. அவள் முன்சீட்டில் உட்கார்ந்தாள். மூக்கு சிவந்திருந்தது, வெயில் இன்னும் ஏறவில்லை.

"இங்க வேலை இல்லைன்னு சொன்னீங்களாமே மேடம்" என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

"அவ்வாறு கூறினேன். அது முழு உண்மை அன்று." அவர் பக்கம் திரும்பினாள். "ஐயா, நான் உடம்புகளைப் பார்க்கக் கற்றவள். முடிதிருத்துபவரின் தோளை முதல் நாளே கண்டேன். பால்காரரின் முதுகையும் கண்டேன். என்னைக் கண்டால் எல்லோரும் நிமிர்ந்து நிற்கிறார்கள். நான் கடந்து சென்றதும் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள். இங்கே நோய் உள்ளது. ஆனால் அதை என்னிடம் காட்ட ஒருவருக்கும் விருப்பமில்லை. நான் அந்நியப் பெண். அது அவர்களுடைய உரிமை. எனவே செல்கிறேன்."

நல்லரோட்டாருக்குச் செவுளில் அறைந்ததுபோல் இருந்தது. பயந்து ஓடிவிடுவாள் என்று பயந்தார்களே ஒழிய, நம்மை வேண்டாம் என்கிறார்கள் என்று ஒரு பெண் தனியாக அறையில் உட்கார்ந்து மருகுவாள் என்று எவன் நினைத்தான்? அவளையும் மனுஷியாக நினைத்திருந்தால் தோன்றியிருக்கும். ஓடிப்போகக்கூடிய ஒரு சாமான் என்றுதான் நினைத்திருந்தார்கள், அவர் உட்பட.

சுற்றுவழி பிரிகிற இடம் வந்தது. வண்டி அந்தப் பக்கம் திரும்பவில்லை. நேரே, இத்தனை நாள் காட்டாத தெருவுக்குள் இறங்கியது. தெருமுனையில் வேனைக் கண்ட முடிதிருத்துகிறவர் பதறிப்போய்க் கத்தரியை இடது கைக்கு மாற்றினார். எதிரே வந்த இரண்டு சூளைப் பெண்கள் வெடுக்கென்று நிமிர்ந்தார்கள்.

"பாருங்கள்" என்றாள் அவள், மெதுவாக.

தன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். "நின்னுபோச்சு மேடம். இன்ஜின்ல ஏதோ கோளாறு."

"ஐயா, வண்டி நிற்கவில்லை. தாங்கள் சாவியைத் திருப்பி எடுத்ததை நான் பார்த்தேன்."

சாவி அவர் கையிலேயே இருந்தது. முப்பது வருஷத் தொழிலில் கையும் களவுமாக மாட்டியது இதுதான் முதல்முறை. இன்னொரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டார்.

"எங்க வீட்டுக்காரி உள்ளே இருக்கா மேடம். அக்கா ஊருக்கெல்லாம் போகலை. அவளுக்கு அக்காவே கிடையாது. பக்கவாதம், கை மடங்கிப்போச்சு. நீங்க பயந்து ஓடிடக்கூடாதுன்னு ஊரே சேர்ந்து எல்லாரையும் ஒளிச்சு வச்சோம். நானும் என் பொண்டாட்டியை ஒளிச்சு வச்சேன். உங்களை வேணாம்னு இல்லை. ரொம்ப வேணும், அதனாலதான். எங்களுக்குப் புத்தி அவ்வளவுதான்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவைத் திறந்து இறங்கினாள்.

உள்ளே டெய்லரம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சட்டை ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கியிருந்தது. வாசலை மறைத்து நின்ற நெட்டை உருவத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கோணின வாயால் சொன்னாள். "வாங்க. இப்போதான் அக்கா ஊர்லேர்ந்து வந்தேன்."

அந்தப் பெண் சிரித்தாள். ஊருக்கு வந்ததிலிருந்து அவள் சிரித்து நல்லரோட்டார் பார்க்கவில்லை. அப்படியே தரையில் மண்டியிட்டு அந்த வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மணிக்கட்டை மெல்லக் கீழ்நோக்கி மடக்கினாள். அன்று அவர் எவ்வளவு இழுத்தும் வராத விரல்கள் தாமாகவே லேசாக விரிந்தன. நல்லரோட்டார் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"பிடிப்பதற்கு ஏதாவது கொடுங்கள்."

கையிலிருந்த வேன் சாவியைக் கொடுத்தார். அவள் அதை உள்ளங்கையில் வைத்து மணிக்கட்டை நிமிர்த்தினாள். விரல்கள் சாவியைச் சுற்றி இறுக மூடிக்கொண்டன.

"இது சரியாகுமா?" என்றாள் டெய்லரம்மா.

நல்லரோட்டாருக்கு வாய் தானாகத் திறந்தது. மனைவி ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டார்.

"முழுவதும் சரியாகாது அம்மா" என்றாள் அந்தப் பெண். "தாமதம் ஆகிவிட்டது. ஆனால் நாள்தோறும் பயிற்சி செய்தால், பெரிய பட்டனைப் போடலாம். வலிக்கும்."

டெய்லரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "வலிக்கும்னு சொன்ன முதல் ஆளு நீதாம்மா" என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"இப்பொழுது சாவியை விடுங்கள்."

டெய்லரம்மா முயன்றாள். நெற்றியில் வேர்வை அரும்பியது. கழுத்து நரம்பு புடைத்தது. விரல் ஒன்றுகூட அசையவில்லை. மலைக்குக் கீழே பஸ் கிளம்புகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் மூடியிருந்த முஷ்டியைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். அங்கே முடிதிருத்துகிறவரும் சூளைப் பெண்களும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் நிமிரவில்லை. அவரவர் வலியை அவரவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் முகத்தைத் திருப்பி, விரல்களை இரண்டு தடவை சும்மா தொட்டு இழுத்துப் பார்த்தாள்.

"வரலை" என்றாள். "இன்னைக்கு வராது. இதை எடுக்க ஆறு மாசம் ஆகும்."

பாடப்புத்தகம் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. நல்லரோட்டார் அவள் கையைக் கவனித்தார். சற்று முன்னால் மணிக்கட்டை மடக்கி விரலைத் திறந்த அதே கை, இப்போது அந்த மணிக்கட்டைத் தொடவே இல்லை.

அவர் வெளியே போய்க் கயிற்றை அவிழ்த்து, அந்தக் கனத்த பையை வேனிலிருந்து இறக்கினார். அவள் சொன்னது சுமாரான பொய்தான். முகம் சிவந்துவிட்டது, கண்ணைப் பார்த்துச் சொல்லவும் வரவில்லை. போகப் போகப் பழகிக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.